மூன்றடிப் பாரும் ஐந்தடிப் பாரும்

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் விவசாயத் தொழிலாளரும் தறித் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பட்டு நெய்கிற ஊரில் வந்து நின்றுகொண்டு கரும்பைப் பற்றிப் பேசுகிறார்களே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் பாலாற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். உத்திரமேரூர்ப் பக்கமும் செய்யாற்றுப் பக்கமும் கரும்பில் களையெடுத்து, சோகை உரித்து, வெட்டிக் கட்டி ஏற்றுகிறவர்கள். படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவு ஆலை, அனக்காவூரில் செய்யாறு கூட்டுறவு ஆலை, திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவு ஆலை என்று மூன்று சர்க்கரை ஆலைகளின் பெயரும் நம் வீடுகளில் பழகிய பெயர்கள். தறி மேடையில் உட்காருகிற அண்ணனுக்குக் கரும்புக் கழனிக்குப் போகிற தங்கை இருக்கிறாள். ஆகவே இது இரண்டு பேருக்கும் பொதுவான பேச்சு.

இந்தப் பேச்சுக்குக் காரணம், களையெடுக்கும் தாய்மார்கள் எங்களிடம் கேட்ட ஒரு கேள்வி. "மூணடிப் பார் போட்டு நட்ட கரும்பை இப்ப அஞ்சடி விட்டு நடச் சொல்றாங்க. கொத்து எடுத்த இடத்துல மருந்து அடிக்கறாங்க. எங்களுக்கு வேலை இருக்குமா, இருக்காதா?" இதுதான் கேள்வி. "புதிய முறை ஒழிக" என்று கோஷம் போட்டுவிட்டுப் போவது சுலபம். அப்படிச் செய்தால் நாளைக்கு நம்மையே நாம் ஏமாற்றிக்கொண்டவர்கள் ஆவோம். முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம்.

பழைய முறை என்ன? மூன்றடிக்கு ஒரு பார். சாலில் இரண்டு பருக் கரணைகளைத் தலையும் வாலுமாக வரிசையாகப் போட்டு, காலால் அழுத்தி, தண்ணீர் கட்டுவோம். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. மூன்றடிக்கு ஒரு சால் என்றால் மொத்தச் சாலின் நீளம் 14,520 அடி. அதை நிரப்ப 25,000 முதல் 30,000 கரணை வேண்டும். எடை போட்டால் மூன்று, நான்கு டன் கரும்பு! ஆலைக்கு அனுப்பினால் காசாகிற கரும்பைத்தான் விதையென்று மண்ணில் புதைக்கிறோம். 2025-26 பருவத்துக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த விலை, சர்க்கரைச் சத்து குறைந்த கரும்புக்குக்கூட டன்னுக்கு 3,290 ரூபாய். விதைக்கு மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் போகிறது. ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிற சின்ன விவசாயி அதை எங்கே கடன் வாங்குகிறான், என்ன வட்டிக்கு வாங்குகிறான் என்பது உங்களுக்கே தெரியும்.

இத்தனை கரணை போட்டு முடிவில் எத்தனை கரும்பு வெட்டுகிறோம்? ஏக்கருக்கு 40,000-லிருந்து 50,000 கரும்பு வந்தால் நல்ல கரும்பு. கரணைக்கு இரண்டு பரு, ஒவ்வொரு பருவிலும் பல தூர் என்று கணக்குப் போட்டால் லட்சக்கணக்கில் வரவேண்டுமே! வரவில்லை. ஏனென்றால் வெடித்த தூரில் ஏறக்குறையப் பாதி நடுவிலேயே செத்துப்போகிறது. நெருக்கத்தில் வெளிச்சம் கிடைக்காமல், முந்திய தூர் பிந்திய தூரை அமுக்கிவிடுகிறது. பாவில் இழை நெருங்க நெருங்கத் துணி அழுத்தமாகும். கரும்பு அப்படியில்லை, அதற்குச் சூரியன் வேண்டும்.

ஐந்தடி முறைக்காரர்கள் இந்த இடத்தில்தான் பிடித்துக்கொண்டார்கள். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் இருக்கும் சர்வதேச ஆராய்ச்சி நிலையமும், உலக வனவிலங்கு நிதியமும் சேர்ந்து 2009-ஆம் ஆண்டில் ஒரு முறையை வெளியிட்டன. நெல்லில் நாம் பார்த்த ஒற்றை நாற்று முறையின் அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கரும்பிலிருந்து பருவை மட்டும் சின்னக் கருவியால் சீவி எடுக்கிறார்கள். மீதிக் கரும்பு ஆலைக்கோ வெல்லத்துக்கோ போய்விடும். பருவைத் தென்னை நார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் வைத்து, தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு வாரம் போல மூடி வைத்து முளைகட்டுகிறார்கள். பிறகு நிழல்வலைக்குக் கீழே பரப்பித் தண்ணீர் தெளித்தால், 25 முதல் 35 நாளில் நாற்றுத் தயார். வரிசைக்கு வரிசை ஐந்தடி, நாற்றுக்கு நாற்று இரண்டடி. ஏக்கருக்கு 4,356 நாற்று, சேதம் போக 5,000 வைத்துக்கொண்டால் போதும்.

அதெப்படி, 30,000 கரணை போட்ட இடத்தில் 5,000 நாற்று போதுமா என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். ஒரு நாற்றில் ஒன்பது பத்துக் கரும்பு தேறினால் அதே 40,000 வந்துவிடுகிறதல்லவா? வெளிச்சமும் காற்றும் இருப்பதால் தூர் சாகாமல் நிற்கிறது, தடித்தும் வளர்கிறது. நட்ட ஒரு மாதத்தில் தாய்க்குருத்தைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் விட்டு நறுக்கிவிடச் சொல்கிறார்கள். பக்கத்தூர் எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்பி ஒரே உயரமாக வரும் என்பது அதன் காரணம். முதல் முறை பார்க்கிறவனுக்கு வயிறு எரியும். எங்களோடு வந்த ஒரு பெரியவர், "பிள்ளையார் பிடிக்கப் போய்க் கழுத்தையே திருகுறீங்களே" என்று கத்தினார். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஆக, இடைவெளி விஷயத்தில் விஞ்ஞானம் சொல்வது சரி. கோயம்புத்தூரில் 1912-ல் ஏற்பட்ட கரும்பு இன விருத்தி நிலையம் நம் நாட்டுக் கரும்பின் தலைவிதியையே மாற்றியது. அங்கே பார்பரும் வெங்கட்ராமனும் செய்த காரியம் என்ன தெரியுமா? ஆற்றங்கரையில் தானாய் முளைக்கும் பேய்க்கரும்பை, நாம் களையென்று பிடுங்கியெறியும் நாணல் ஜாதியை, நல்ல கரும்போடு இணைத்தார்கள். அதில் பிறந்ததுதான் கோ 205. வறட்சியையும் நோயையும் தாங்கும் பலம் அந்தக் களையின் ரத்தத்திலிருந்து வந்தது. இன்று தமிழ்நாட்டில் அதிகமாக நிற்கிற கோ 86032-ம் அந்த நிலையத்தின் கரும்புதான். இடைவெளியை அந்த நிலையமும் சொல்கிறது, வேளாண் பல்கலைக்கழகமும் சொல்கிறது. நாம் அதோடு சண்டை போடப் போவதில்லை.

சண்டை வேறு இடத்தில் இருக்கிறது. களையில் இருக்கிறது.

கரும்பு மெல்ல எழும்பும் பயிர். நட்ட மூன்று நான்கு மாதம் வரை அதன் தோகை நிலத்தை மூடாது. அந்த 120 நாள்தான் களையின் காலம். மூன்றடியில் மூடுவதைவிட ஐந்தடியில் மூட இன்னும் நாளாகும். நடுவில் ஐந்தடி வெறும் மண். மேலே சூரியன், கீழே உரமும் தண்ணீரும். சும்மா இருக்குமா? சாரணை படரும். கோரை குத்தும். அருகு ஓடும். பார்த்தீனியம் வரப்பிலிருந்து உள்ளே இறங்கும். ஆகவே, "அகல நட்டால் ஆள் செலவு மிச்சம்" என்று பிரசங்கம் செய்கிறவர்கள் பாதி உண்மைதான் சொல்கிறார்கள். விதை மிச்சம், நடவு ஆள் மிச்சம். களை மட்டும் கூடுகிறது. அந்தக் கூடுதலை யார் தலையில் கட்டுவது என்பதுதான் கேள்வி.

இதுவரை கட்டியது யார் தலையில்? பெண்கள் தலையில். நட்ட 30-ஆம் நாள் ஒன்று, 60-ஆம் நாள் ஒன்று, 90-ஆம் நாள் ஒன்று என்று மூன்று களை. ஒரு களைக்கு ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து ஆள். இடுப்பை வளைத்து, களைக்கொத்தோடு, சோகைச் சுணை கையையும் கழுத்தையும் கிழிக்க வேலை. அதே கழனியில் மண் அணைக்கிற ஆணுக்கு ஒரு கூலி, களையெடுக்கும் பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. கேட்டால், "அது வேறு வேலை, இது வேறு வேலை" என்பார்கள். கடல் கடந்து போன நம் ஜனங்களின் கதையும் இதுதான். 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பலில் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். பிஜித் தீவுக்கும் போனார்கள். அந்தத் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்துத்தான் பாரதி பாடினார்.

இப்பொழுது கொத்துக்குப் பதில் மருந்து வருகிறது. மருந்தைப் பற்றியும் பயமில்லாமல், மயக்கமில்லாமல் தெரிந்துகொள்ள வேண்டும். நட்ட மூன்றாம் நாள், மண் ஈரமாக இருக்கும்போது அட்ரசின் ஏக்கருக்கு 800 கிராம், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து, விசிறிபோல் பரவும் முனையை வைத்துத் தெளிப்பது சிபாரிசு. களை முளைப்பதற்கு முன்பே அது அடக்குகிறது. காய்ந்த மண்ணில் தெளித்தால் பணம்தான் தெண்டம். இன்னொன்று முக்கியம்: நடுவில் உளுந்தோ பயறோ விதைப்பதாக இருந்தால் அட்ரசின் கூடாது, முளைக்கிற பயறையும் அது கொன்றுவிடும். நிலத்தடி நீரில் இறங்குகிறது என்று ஐரோப்பிய நாடுகள் 2004-ல் இந்த மருந்தைக் கைவிட்டன. நம் கிணறும் போர்க்குழாயும் கழனிக்கு நடுவிலேயே இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

களை முளைத்த பிறகு அடிப்பது 2,4-டி. அகன்ற இலைக் களைகளைக் கருக்கும். கரும்பு புல் ஜாதியானதால் தப்பிக்கும். ஆனால் காற்றில் பறந்தால் பக்கத்து வெண்டையும் பருத்தியும் சுருண்டு போகும். வாலாஜாபாத் பக்கத்தில் நாங்களே பார்த்தோம். ஆற்றுக்காற்று வீசுகிற மத்தியானத்தில் பெரிய நிலக்காரர் ஒருவர் தெளிக்கச் சொன்னார். மேற்கே அரை ஏக்கர் வெண்டை போட்டிருந்த விதவைத் தாயின் செடியெல்லாம் குடைபோல் கவிழ்ந்துவிட்டது. நிலக்காரர், தெளித்தவன்மேல் பழியைப் போட்டார். தெளித்தவன் அன்றைய கூலிக்கு வந்தவன்! பஞ்சாயத்தில் அவன் கூலியைப் பிடித்துக்கொண்டு, வெண்டைக்காரிக்கு அதையும் கொடுக்கவில்லை.

பாராகுவாட் என்று ஒன்று நம் கடைகளில் விற்று வந்திருக்கிறது. அது வயிற்றுக்குள் போனால் மாற்று மருந்தே கிடையாது. நுரையீரலை நாளுக்கு நாள் இறுக்கிக் கொல்லும். ஸ்வீடன் 1983-லேயே தடுத்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2007-ல் அனுமதியை ரத்து செய்தது. இலங்கை நிறுத்தியது. நம் பக்கத்துக் கேரளமும் 2011-ல் தடுத்தது. அதைக் கூழ் குடிக்கும் குவளையால் அளந்து ஊற்றுகிறவர்களை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். முதுகில் டப்பா ஒழுக, லுங்கியோடு, வெறுங்காலோடு தெளிக்கிறார்கள். களைக்கொல்லியும் 1968-ஆம் வருஷப் பூச்சிமருந்துச் சட்டத்துக்குள் அடங்கியதுதான். 1971-ல் போட்ட விதிகளில் கையுறை, மூக்குறை, பாதுகாப்பு உடை எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. கழனி வரப்புக்கு அந்த விதிகள் நடந்து வரவில்லை. நாம்தான் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

அப்படியானால் மருந்தில்லாமல் ஐந்தடியைச் சமாளிக்க வழியுண்டா? உண்டு. அதையும் விஞ்ஞானமே சொல்கிறது. நடுவில் இருக்கும் ஐந்தடியைக் காலியாக விடாதீர்கள். கரும்பு நட்டதும் உளுந்து, பச்சைப்பயறு, சணப்பு ஏதாவது விதையுங்கள். உளுந்து இரண்டு மாதம் கடந்து காய்க்கும். அதுவரை மண்ணை மூடிக் களையை அமுக்கும். வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும். சின்ன விவசாயிக்குக் கரும்புப் பணம் வருவதற்கு முன்பே கைச்செலவுக்கு ஆகும். சணப்பை 45 நாளில் பூக்கும்போது அப்படியே மடக்கி உழுதுவிடலாம். இரண்டு மாதத்துக்குமேல் பவர் டில்லர் நடுவில் ஓடும். மூன்றடிப் பாரில் அது ஓடாது. அதுவே களையையும் கிளறும், மண்ணையும் அணைக்கும். மண்வெட்டியால் மண் அணைத்து முதுகெலும்பு தேய்ந்தவனைக் கேளுங்கள், இயந்திரம் வேண்டாம் என்று அவன் சொல்லமாட்டான். தூரைச் சுற்றியுள்ள களைக்கு மட்டும் கை வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும்.

வெட்டிய பிறகு சோகையைக் கொளுத்துகிறோமே, அது பெரிய குற்றம். ஏக்கருக்கு மூன்று நான்கு டன் சோகை. அதை ஒரு சால் விட்டு ஒரு சாலில் பரப்பினால் மறுதாம்புக் கரும்பில் களை தலையெடுக்காது, ஈரமும் நிற்கும். கொளுத்தினால் மண்ணும் கருகும், ஊருக்கும் இருமல்.

கோரையைப் பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். மேலே வெட்டினால் கீழே கிழங்கிலிருந்து மறுபடி வரும். கோடையில் இரண்டு உழவு போட்டுக் கிழங்கை வெயிலில் காயவிட்டுப் பொறுக்குவதைவிட நல்ல மருந்து இன்னும் வரவில்லை. அதைவிடப் பொல்லாதது சுடுமல்லி. பார்க்கச் சின்னப் பூச்செடி. கீழே கரும்பின் வேரைப் பிடித்து உறிஞ்சும் ஒட்டுண்ணி. விதை தூசியைவிடச் சிறியது. வருஷக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். பூப்பதற்கு முன் பிடுங்கி எரித்துவிட வேண்டும். உழைக்காமல் அடுத்தவன் வேரில் உட்கார்ந்து கொழுப்பதற்கு அந்தச் செடியைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்காது. ஆனால் அந்த வேடிக்கையை இத்தோடு விடுவோம்.

இனி வேலைக் கணக்குக்கு வருவோம். ஐந்தடி வந்தால் நடவில் ஆள் குறையும். மருந்து வந்தால் முதல் களை போகும். ஐந்தடி வரிசையில் அறுவடை இயந்திரமும் இறங்கும். அதன் சக்கரத்துக்கு அந்த அகலம்தான் தேவை. இதை மறைத்துப் பேச நாங்கள் வரவில்லை. அகல நடவைச் சிபாரிசு செய்கிறவர்களில் சிலருக்கு விதை மிச்சத்தைவிட இதுதான் பெரிய கவர்ச்சி.

கியூபாவைப் பாருங்கள். புரட்சிக்கு முன் அங்கே கரும்பு வெட்டுகிறவனுக்கு வருஷத்தில் சில மாதமே வேலை. மீதி மாதங்களுக்குச் 'செத்த காலம்' என்றே பெயர். 1959-க்குப் பிறகு அவனுக்கு நிலமும் வேறு வேலையும் பள்ளிக்கூடமும் வந்தபோது, கரும்பு வெட்ட ஆள் கிடைக்கவில்லை. 1970-ல் ஒரு கோடி டன் சர்க்கரை என்று சபதம் செய்து, நாடு முழுவதும் அரிவாளோடு இறங்கியும், 85 லட்சம் டன்தான் எடுத்தார்கள். தவறை ஒப்புக்கொண்டார்கள். 1977-ல் ஒல்கின் நகரத்தில் வெட்டு இயந்திரத் தொழிற்சாலையையே திறந்தார்கள். இயந்திரம் வந்ததற்கு அங்கே வெட்டுத் தொழிலாளி அழவில்லை. அவனுக்குப் போக வேறு இடம் இருந்தது. நமக்கு இருக்கிறதா? பிள்ளைகள் ஒரகடத்துக்குக் காண்டிராக்ட் கூலியாகப் பஸ் ஏறுகிறார்கள். நாற்பத்தைந்து வயதுத் தாயை எந்தக் கம்பெனி எடுக்கும்?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை உண்டு. குழித்தட்டு நாற்று, வேலை குறைக்கும் முறை மட்டுமல்ல, புதிய வேலையும்தான். பரு சீவ, தட்டு நிரப்ப, அடுக்க, தண்ணீர் தெளிக்க, நாற்றுப் பிரிக்க எல்லாம் நிழலில் உட்கார்ந்து செய்யும் கைவேலை. நுணுக்கமான கை வேண்டும். பட்டு இழையைப் பிரிக்கும் கைகள் உள்ள ஊரில் அதற்கா பஞ்சம்? நிழல்வலைக் கூடங்களுக்குச் சர்க்கார் மானியம் கொடுத்திருக்கிறது. அதை வாங்கியவர்களில் எத்தனை பேர் நிலமுள்ளவர்கள், எத்தனை பேர் களையெடுக்கும் பெண்கள் என்று கேளுங்கள். நிலமில்லாத பெண்களின் குழுக்களுக்கு அந்தக் கூடங்களைக் கொடுத்து, நாற்றை ஆலையே அவர்களிடம் வாங்கவேண்டும் என்பது நம் கோரிக்கை. இடுப்பொடியும் களைவேலையைக் காப்பாற்றுவதற்காக நாம் போராடவில்லை. அந்த வேலையோடு சேர்ந்து போகிற கூலியைக் காப்பாற்றத்தான் போராடுகிறோம்.

மருந்து தெளிக்கிற வேலைக்குத் தனிக்கூலி, அரை நாளுக்குமேல் தெளிப்பதில்லை, கையுறையும் மூக்குறையும் சோப்பும் நிலக்காரர் செலவு, காற்று வீசும்போது தெளிப்பதில்லை. இவற்றைப் பருவம் தொடங்குமுன் ஊரில் பேசி முடிவு செய்யுங்கள். களைக்குப் போகும்போது தனித்தனியாகப் பேரம் பேசாதீர்கள்.

சின்ன விவசாயித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஆலை எனக்கே பணம் தரவில்லை, நான் எங்கிருந்து கூலி கொடுப்பேன்" என்கிறீர்கள். பல வருஷம் அது உண்மைதான். 1966-ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவுப்படி, கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தரவேண்டும்; தவறினால் வருஷத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து வட்டி. அந்த வட்டியைக் கேட்டு எழுதிக் கொடுத்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? ஒரு கைகூட உயரவில்லை. அந்த மனுவை நீங்கள் எழுதுங்கள், களையெடுக்கும் பெண்களும் உங்களோடு ஆலை வாசலுக்கு வருவார்கள். பணம் வந்த அன்றே களைக்கூலி பாக்கி தீரவேண்டும், அதுதான் ஒப்பந்தம்.

அந்த மேஜைமேல் ஒரு குழித்தட்டு கொண்டுவந்து வைத்திருக்கிறோம். முப்பது நாள் நாற்று. தாய்மார்கள் முதலில் வந்து பாருங்கள். ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். பரு சீவும் கருவியும் பக்கத்தில் இருக்கிறது. கூர் அதிகம், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.